கேபினட்டைக் கடைசியில் பேசுங்கள்: பினாங்கில் குசினியைப் புதுப்பிக்கக் கணக்குப் போடுவது எப்படி

கேபினட் கடைக்குள் கால் வைத்ததும் கேட்பார்கள்: “பட்ஜெட் எவ்வளவு?” முதல் தடவை போனபோது கையில் இருந்த மொத்தத்தையும் சொல்லிவிட்டேன். 35,000 வெள்ளி (ரிங்கிட்). தவுக்கே, அதாவது கடை முதலாளி, நாற்காலியை இழுத்துப் போட்டார், குடிக்கத் தண்ணீர் வந்தது, அரை மணி நேரத்தில் கணினித் திரையில் ஒரு குசினி பளபளவென்று நின்றது. விலை 24,000. பரவாயில்லையே, இன்னும் 11,000 மிச்சம் என்று வீட்டுக்காரரும் நானும் காரில் பேசிக்கொண்டே வந்தோம். பழைய டைல்ஸை யார் உடைப்பது, பைப்பை யார் மாற்றுவது, வயரிங்கை யார் பார்ப்பது என்ற பேச்சே அந்தக் கடையில் எழவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் விற்பது கேபினட்.

அன்றே டெபாசிட் கட்டாமல் எங்களைக் காப்பாற்றியது மாமியார். “தரையைப் பாக்காம கதவ வாங்குறீங்களே” என்றார்.

எங்கள் வீடு பினாங்கின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த் பக்கம், 1980களில் எழும்பிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒற்றை மாடி டெரஸ், அதாவது வரிசை வீடு. தீவில் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான்; சில இடங்களில் மட்டும் மாறும், அங்கங்கே சொல்கிறேன். முறை ரொம்ப எளிது. கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு முதலில் பணத்தை ஒதுக்கி, கேபினட்டுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்ப்பது. கடைசியில் ஓர் எண் வரும். அந்த எண்ணோடுதான் கடைக்குப் போக வேண்டும்.

படி 1: ஒரு வாரம் குசினியைக் கவனியுங்கள்

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். சமைக்கும்போது எதெல்லாம் இடைஞ்சலாக இருக்கிறதோ, அந்த நிமிஷமே எழுதிவிட வேண்டும். எங்கள் தாளில் வந்தவை இவை: மிக்சியைப் போட ரைஸ் குக்கரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. கிரைண்டர் தரையில் இருப்பதால் மாவு அள்ள மாமியார் குனிய வேண்டும், முழங்கால் பிடித்துக்கொள்கிறது. சம்பல் வதக்கினால் ஹாலில் இருப்பவர் தும்முகிறார். தோசைக்கல்லுக்கு இடமில்லை, அடுப்புக்கு அடியிலேயே கிடக்கிறது. 10 கிலோ அரிசிப் பை வாசற்படி ஓரம்.

இந்தத் தாள்தான் செலவைத் தீர்மானிக்கப் போகிறது. “எல்லா இழுப்பறையும் மெதுவாக மூட வேண்டும்” என்று எங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் கடையில் அதற்குத்தான் பணம் கொடுக்க இருந்தோம். கிரைண்டர் வைக்க முழங்காலுக்கு மேல் உயரத்தில், வெயிட் தாங்குகிற ஒரு பலகை வேண்டும் என்பது அவர்கள் வரைந்த படத்தில் எங்கேயும் இல்லை.

எத்தனை பிளக் வேண்டும் என்றும் இந்த வாரமே எண்ணிவிடுங்கள். பிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், ரைஸ் குக்கர், கெட்டில், ஏர் பிரையர், தண்ணீர் ஃபில்டர், ஹூட் (அடுப்புப் புகையை இழுப்பது), சிலர் வீட்டில் வாஷிங் மெஷினும் அங்கேதான். 13 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலையும் ஏர் பிரையரையும் போட்டால் அந்த அளவைத் தாண்டிவிடும். இரண்டு தலை இண்டக்‌ஷன் அடுப்பு 7,000 வாட் என்றால் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனி லைன், தனி பிரேக்கர் வேண்டும். அடுப்பு வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் புது டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

வெட் கிச்சன் (எண்ணெயும் புகையுமாகச் சமைக்கும் இடம்), ட்ரை கிச்சன் (அடுப்பு வேலை அதிகமில்லாத இடம்) இரண்டும் வேண்டுமா? என் அபிப்பிராயம், பணம் அளவாக இருந்தால் ஒன்று போதும், அது வெட் கிச்சன். நம் சமையலுக்கு ட்ரை கிச்சன் என்பது பல வீடுகளில் மைலோ கலக்கும் இடமாகத்தான் இருக்கிறது.

சாமி மேடை குசினிப் பக்கம் என்றால் அதையும் தாளில் எழுதுங்கள். விளக்குச் சூட்டுக்கு மேலே கேபினட் அடிப்பலகை வரக் கூடாது. அடுப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் நினைத்தால், அதையும் இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். அடுப்பை நகர்த்தினால் ஹூட் குழாயும் வயரிங்கும் நகரும், அதுகூடச் சமாளிக்கலாம். சிங்க்கை நகர்த்துவதுதான் பணத்தைத் தின்னும். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும், தரையை உடைக்காமல் சரிவு வராது. சிங்க் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தால் பட்ஜெட் பாதி அடங்கிவிடும்.

படி 2: யாரிடம் அனுமதி

உள்ளே கேபினட், டைல்ஸ் மாற்றுவது ஒன்று. பின்பக்கம் கூரை இழுத்து நீட்டுவது வேறொன்று. சுவரை உடைத்து நீட்டுவதானால் தீவில் பினாங்கு மாநகர் மன்றம், இந்தப் பக்கம் செபராங் பிறை மாநகர் மன்றம், அவர்களிடம் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் கட்டட விதிகளும் இதற்கு அடிப்படை. பிளான் வரைபவருக்குக் கட்டணம், மன்றத்துக்குக் கட்டணம், இரண்டையும் கணக்கில் எழுதிவிடுங்கள். “எல்லாரும் சும்மாதான் கட்டுறாங்க” என்று கான்ட்ராக்டர் சொல்வார். நோட்டீஸ் வந்தால் அது அவர் பெயருக்கு வராது, வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டு, அடைத்துக்கொண்ட அன்றைக்கு எங்கே இருக்கிறது என்று தட்டித் தட்டித் தேடிய வீட்டை எனக்குத் தெரியும். மூடி திறக்கிற மாதிரியே இருக்க வேண்டும்.

கொண்டோ என்றால் நிர்வாக அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. புதுப்பிப்பு டெபாசிட் கேட்பார்கள். திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் வேலை முடியும் வரை உங்கள் கையில் இருக்காது. அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு: கீழ் வீட்டுக் கூரையில் கசிந்தால், மேல் வீடுதான் காரணம் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது மேல் வீட்டுக்காரர் பாடு. அதனால் கொண்டோவில் வாட்டர்ப்ரூஃபிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையில் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஜார்ஜ்டவுனில் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பகுதிக்குள் பழைய கடைவீடு என்றால் கதை வேறு. அங்கே ஆணி அடிக்கும் முன்னே மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுவது நல்லது.

படி 3: மறைந்திருப்பதைப் பாருங்கள்

எங்கள் பணம் வழிந்து ஓடியது இங்கேதான்.

பழைய டெரஸ் வீடுகளில் சுவருக்குள் இரும்புப் பைப் இருக்கும். வெளியே தெரியும் முனை நன்றாகவே இருக்கும். எங்கள் சிங்க்குக்குப் பின்னால் சுவரை உடைத்தபோது பைப் கையோடு வந்தது. உள்ளே துரு அடைத்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை. இத்தனை வருஷம் “தண்ணி மெதுவா வருது, வாரியத்துலதான் கோளாறு” என்று திட்டிக்கொண்டிருந்தோம். அந்தச் சுவரில் மட்டும் மாற்றிவிட்டு மீதியை விட்டோம், காசு மிச்சம் என்று. எட்டாவது மாதம் பக்கத்துச் சுவரில் கேபினட்டின் பின்பலகை உப்பியது. திறந்து பார்த்தால் பழைய பைப் கசிகிறது. புதுக் கேபினட்டின் முதுகை அறுத்துத்தான் சரி செய்தோம். சுவர் ஒன்று திறந்திருக்கும்போதே குசினி முழுவதற்கும் பைப்பை மாற்றுங்கள். இரண்டாம் தடவை உடைப்பது முதல் தடவையைவிடப் பல மடங்கு செலவு.

வயரிங்கும் அப்படித்தான். எனர்ஜி கமிஷனில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து, டிபி பாக்ஸைத் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியை) திறந்து காட்டுங்கள். இன்னும் எத்தனை லைன் இழுக்க இடம் இருக்கிறது, வயர் எவ்வளவு பழசு என்று அவர் சொல்வார். சுவரில் பள்ளம் எடுப்பது டைல்ஸுக்கு முன் முடிய வேண்டும்.

கரையான்: தரையில் துளையிட்டு மருந்து ஊற்றுவதாக இருந்தால் பழைய தரை உடைபட்டிருக்கும் நேரம்தான் சரி. புது டைல்ஸ் போட்ட பிறகு அதில் துளை போட யாருக்கு மனசு வரும்?

பழைய டைல்ஸ் மேலேயே புதிதை ஒட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒட்டலாம், உடைப்புக் கூலியும் குப்பைத் தோங் (பெரிய தொட்டி) வாடகையும் மிச்சம். ஆனால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். பின்கதவு உரசும், ஹாலில் இருந்து வருபவர் கால் இடறும். அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தால் அதையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும். பழைய டைல்ஸைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் உடைக்கத்தான் வேண்டும்.

டைல்ஸ் எத்தனை பெட்டி என்று நீங்களே கணக்குப் போடலாம். 10 அடிக்கு 12 அடி தரை என்றால் 120 சதுர அடி. 60 சென்டிமீட்டர் சதுர டைல் நான்கு கொண்ட பெட்டி ஏறக்குறைய 15.5 சதுர அடிக்கு வரும். வெட்டுச் சேதத்துக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 132 சதுர அடி, அதாவது 9 பெட்டி. பத்தாவதாக ஒன்று வாங்கி வையுங்கள். அதே டைல் அடுத்த வருஷம் கடையில் இருந்தாலும் நிறம் ஒரு இழை மாறியிருக்கும்.

கேஸ் தோங் (சிலிண்டர்) எங்கே என்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிவாக வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். 14 கிலோ தோங்கை வெளியே வைத்துச் சுவர் வழியாகக் குழாய் இழுப்பது நல்லது. கேபினட்டுக்குள்தான் என்றால் அந்தக் கதவின் கீழ்ப்பக்கம் காற்றோட்டத் துளை கட்டாயம் இருக்க வேண்டும். அழகான படம் வரைகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

படி 4: தாளில் கணக்கு

சரி, இப்போது 35,000ஐ எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை எங்கள் தாளில் போட்டுப் பார்த்த எண்கள். உங்கள் வீட்டுக்கு உங்களுக்கு வரும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், வழிதான் முக்கியம்.

முதலில் 15 விழுக்காட்டைத் தனியே எடுத்து வையுங்கள்: 5,250. பழைய வீடு என்றால் 20 விழுக்காடுகூட எடுக்கலாம். சாவி வாங்கி ஓரிரு வருஷமான வீட்டுக்கு 10 போதும். இந்தப் பணம் இருப்பதைக் கான்ட்ராக்டரிடம் மூச்சுவிடக் கூடாது. மிஞ்சுவது 29,750.

அதிலிருந்து உடைப்பதற்கும் குப்பை அள்ளுவதற்கும் 2,500. பைப், கழிவுநீர்க் குழாய் 2,500. வயரிங் 3,000. வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 6,000. சீலிங், பெயிண்ட் 1,250. வேலை நடக்கும்போது வெளியே சாப்பிட 1,500. மொத்தம் 16,750 ஆகிவிட்டது, கண்ணுக்கு அழகாக இன்னும் ஒன்றும் வரவில்லை. கையில் இருப்பது 13,000.

சிங்க், அதற்கு மேல் வரும் டேப், அடுப்பு, ஹூட் எல்லாவற்றுக்கும் 3,000. மிச்சம் 10,000. டேபிள் டாப் 16 அடி, அடிக்கு 150 வெள்ளி என்று வைத்தால் 2,400. கேபினட்டுக்கு நிற்பது 7,600.

கீழ்க் கேபினட் 16 அடி, மேல் கேபினட் 12 அடி, ஆக 28 அடி. 7,600ஐ 28ஆல் வகுத்தால் அடிக்கு ஏறக்குறைய 270 வெள்ளி. இதுதான் அந்த எண். கடையில் “பட்ஜெட் எவ்வளவு?” என்று கேட்டால் 35,000 என்று சொல்லாதீர்கள், “அடிக்கு 270” என்று சொல்லுங்கள்.

தவுக்கே 450 வெள்ளிக் கதவைத் தடவிக் காட்டினால் மனசுக்குள் பெருக்கிப் பாருங்கள். 28 அடிக்கு 12,600. நீங்கள் ஒதுக்கியதைவிட 5,000 அதிகம். அவசரத்துக்கு என்று எடுத்து வைத்தது ஏறக்குறைய முழுசும் ஒரு கதவுக்குப் போய்விடும், அதுவும் பைப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே.

270 போதவில்லை என்றால் அடியைக் குறையுங்கள். மேல் கேபினட்டை 12 அடியில் இருந்து 6 அடியாக்கினால் மொத்தம் 22 அடி, அதே 7,600க்கு அடிக்கு 345 கிடைக்கும். குறைந்த கேபினட், நல்ல பலகை. எனக்குப் பிடித்தது இந்த வழி. உயரத்தில் இருக்கும் கேபினட்டில் எங்கள் வீட்டில் என்னதான் இருந்தது? கல்யாணத்தில் கிடைத்த டின்னர் செட், பிரிக்காத பெட்டியோடு.

படி 5: கேபினட், இப்போதுதான்

அடிக்கணக்கில் விலை பேசும்போது மூலையை எப்படி அளக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு சுவர் 10 அடி, இன்னொரு சுவர் 8 அடி. இரண்டையும் சுவரோடு சுவர் அளந்தால் 18. ஆனால் மூலையில் 2 அடி இரண்டு தடவை எண்ணப்படுகிறது, உண்மையில் 16தான். அடிக்கு 270 என்றால் அந்த மூலைக்கு மட்டும் 540 வெள்ளி. சில கடைகள் 18 என்று போட்டு அடி விலையைக் குறைத்துக் காட்டும், சில 16 என்று போட்டுக் கூட்டிச் சொல்லும். ஒப்பிடும்போது இதை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

கதவை எல்லாரும் பார்ப்பார்கள், நீங்கள் பெட்டியைப் பாருங்கள். சிங்க்குக்கு அடியில் வரும் பெட்டி மரத்தூள் பலகையா, பிளைவுட்டா? மரத்தூள் பலகை ஒரு தடவை தண்ணீர் குடித்தால் உப்பிவிடும், பிறகு திரும்பாது. பணம் குறைவாக இருந்தால் சிங்க் பெட்டியை மட்டுமாவது பிளைவுட்டிலோ அலுமினியத்திலோ கேளுங்கள். அலுமினியக் கேபினட் கரையானுக்கும் ஈரத்துக்கும் அசையாது. தட்டினால் தகர சத்தம் வரும், அது சிலருக்குப் பிடிக்காது. வெட் கிச்சனுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கீல் எந்தப் பிராண்ட் என்று கோட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கடையில் காட்டுவது ஒன்று, வீட்டில் மாட்டுவது ஒன்று என்று ஆகக் கூடாது.

விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால் பத்து காவானில் இருக்கும் இக்கியாவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் கதவுக்கும் கீலுக்கும் தனித்தனி விலை ஒட்டியிருக்கும். வாங்காவிட்டாலும் எது எதற்கு எவ்வளவு என்று கண் பழகும்.

டேபிள் டாப்பில் வெள்ளை குவார்ட்ஸ் இப்போது எல்லார் வீட்டிலும் வருகிறது. எங்கள் அத்தை வீட்டில் மீன் புரட்ட வைத்திருந்த மஞ்சள் தூள் கிண்ணம் கவிழ்ந்து, ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தது. காலையில் துடைத்தால் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். அந்தக் கல்லில் பிசின் கலந்திருப்பதால் மஞ்சள் பிடித்துக்கொள்ளும். கொதிக்கும் சட்டியை நேராக வைத்தாலும் ஆகாது. அடர் நிறக் கிரானைட் இன்றைக்குப் பழைய பாணியாகத் தெரியலாம், ஆனால் சூட்டுக்கும் மசாலாவுக்கும் அது பதறாது. வாங்குவதற்கு முன் ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவி ஒரு ராத்திரி வையுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஹூட் வாங்கும்போது புகை வெளியே போகும் வகையா, கரி ஃபில்டரில் சுற்றி உள்ளேயே வரும் வகையா என்று பாருங்கள். மிளகாய் வதக்கும் வீட்டுக்கு இரண்டாவது வகை உதவாது. குழாய் எவ்வளவு நீளமோ, எத்தனை வளைவோ, இழுவை அவ்வளவு குறையும். கொண்டோவில் வெளிச்சுவரில் ஓட்டை போட நிர்வாகம் விடுமா என்று முதலில் கேளுங்கள்.

படி 6: மூன்று கோட்டேஷன், ஒரே தாள்

மூன்று பேரை வரவழைத்து “என்ன விலை?” என்று கேட்டால் மூன்று வேறு குசினிக்கு விலை வரும். முதல் ஆள் குப்பை அள்ளுவதைச் சேர்த்திருக்க மாட்டார், இரண்டாம் ஆள் டைல்ஸை நீங்களே வாங்க வேண்டும் என்பார், மூன்றாமவர் எல்லாம் சேர்த்து ஒரே தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதனால் வேலைப் பட்டியலை நீங்களே எழுதி, மூன்று பேருக்கும் அதே தாளைக் கொடுங்கள்: எத்தனை பிளக், எத்தனை அடி பைப், எத்தனை சதுர அடி டைல்ஸ், குப்பை யார் பொறுப்பு, எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) சேர்த்தா சேர்க்காமலா.

ரொம்பக் குறைந்த விலையைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும். விட்டுப்போனது பின்னால் “எக்ஸ்ட்ரா” என்ற பெயரில் வரும். ஒவ்வொரு எக்ஸ்ட்ராவும் விலையோடு எழுத்தில் வந்து, நீங்கள் சம்மதம் சொன்ன பிறகே வேலை நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போடுங்கள். கம்பெனி பதிவை எஸ்எஸ்எம்மிலும் (கம்பெனிகள் ஆணையம்) கான்ட்ராக்டர் பதிவை சிஐடிபியிலும் (கட்டுமானத் தொழில் வாரியம்) தேடிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. அவர் முன்பு செய்த வீடு ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் முடித்து ஒரு வருஷமான வீட்டை.

படி 7: பணம் எங்கிருந்து

சேமிப்பில் செய்வதற்கு ஈடில்லை. போதவில்லை என்றால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இருக்கிறது. 2024 மே 11 முதல் வந்த ஃப்ளெக்ஸிபல் கணக்கில் இருந்து எந்தக் காரணமும் சொல்லாமல் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. ஓய்வுக்காலப் பணம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அரசு ஊழியராக இருந்தால் எல்பிபிஎஸ்ஏயில் (அரசு ஊழியர் வீட்டுக் கடன் வாரியம்) வீடு புதுப்பிக்கவும் கடன் உண்டா, உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வங்கித் தனிநபர் கடனில் “வருஷம் 6 விழுக்காடு” என்று சொன்னால், அது ஃப்ளாட் ரேட்டா என்று கேளுங்கள். 20,000 வெள்ளிக்கு ஐந்து வருஷத்தில் வட்டி 6,000, மாதம் 433. நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, முதல் நாள் தொகைக்கே ஐந்து வருஷமும் வட்டி. உண்மை வட்டி 11 விழுக்காட்டை ஒட்டி வரும். கிரெடிட் கார்டில் பாக்கி நிறுத்தினால் 18 விழுக்காடு வரை போகும். அடுப்பு, ஹூட் போன்றவற்றுக்கு வட்டியில்லாத் தவணை கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அதோடு நிறுத்துங்கள். அக்கம்பக்கத்தில் கூட்டு (பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு) பிடித்துக் குசினி கட்டியவர்கள் உண்டு. அதைத் தொழிலாக நடத்துவதற்கு 1971ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் தடை இருக்கிறது, பிடித்தவர் ஓடிப்போனால் கேட்கப் போக்கிடம் இல்லை. ஆலோங், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரர், பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

படி 8: எப்போது தொடங்குவது

சீனப் பெருநாளுக்கு முன்னும் பின்னும் கேபினட் பட்டறைகள் பல மூடியிருக்கும். நோன்புப் பெருநாளுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போவார்கள். தைப்பூசத்துக்கு நாமே வீட்டில் இருக்க மாட்டோம். “தீபாவளிக்குள்ள முடிச்சிடலாம்” என்று சொல்பவரிடம் தேதியை எழுதி வாங்குங்கள். டைல்ஸ் முடிந்த பிறகுதான் கேபினட்டுக்குக் கடைசி அளவு எடுக்க வேண்டும், அளவு எடுத்தபின் அது செய்து வர ஒரு மாதமாவது ஆகும். எங்களிடம் நான்கு வாரம் என்றார்கள், ஒன்பது வாரம் ஆனது. முதல் வாரம் வெளிச்சாப்பாடு குதூகலமாக இருந்தது. மூன்றாம் வாரம் ரொட்டி சானாயைப் பார்த்தாலே பிள்ளைகள் முகத்தைத் திருப்பினார்கள். பிறகு கார் நிறுத்தும் இடத்தில் ஒற்றை அடுப்பும் ஒரு மேசையும் போட்டு, துணி துவைக்கும் பைப்பில் பாத்திரம் கழுவிச் சமாளித்தோம். வெளிச்சாப்பாட்டுக்கு ஒதுக்கிய 1,500 அப்படித்தான் தாங்கியது. இந்தத் தற்காலிக அடுப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

படி 9: பணம் கொடுப்பதும் வேலையை வாங்குவதும்

பாதிப் பணத்தை முன்னாலேயே கேட்டால் பேசிக் குறையுங்கள். கையெழுத்திடும்போது 10 விழுக்காடு, உடைத்துப் பைப்பும் வயரிங்கும் முடிந்ததும் 30, டைல்ஸ் முடிந்ததும் 30, கேபினட் மாட்டியதும் 20, கடைசி 10 ஒரு மாதம் சமைத்துப் பார்த்த பிறகு. கேபினட் கடை தனி என்றால் அவர்களுக்கும் இதேபோல் படிப்படியாகக் கொடுங்கள். ரொக்கம் வேண்டாம், வங்கி வழியாகக் கம்பெனி பெயருக்குத்தான்.

டைல்ஸ்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தரையின் கோடியில் ஊற்றி, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் ஃப்ளோர் டிராப் (தரையில் தண்ணீர் வடியும் ஓட்டை) பக்கம் போகாமல் பிரிட்ஜ் வைக்கும் மூலைக்கு நிதானமாக நடந்து போனது. “காஞ்சிடும்” என்றார் அவர். பணம் இன்னும் எங்கள் கையில் இருந்ததால் ஆறு டைலைப் பெயர்த்துச் சரிவு எடுத்துக் கொடுத்தார். எல்லா விளக்கையும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டுப் பிரேக்கர் விழுகிறதா என்று பாருங்கள். சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரே தடவையில் திறந்துவிட்டு, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு ஆள் போனை எடுக்கவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குக்குப் பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். அங்கே கேட்பது தாள்: ஒப்பந்தம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, சுவர் மூடும் முன் எடுத்த படங்கள். அந்தப் படங்கள் வேறொன்றுக்கும் உதவும். பின்னால் சுவரில் ஆணி அடிக்கும்போது பைப்பும் வயரும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து அடிக்கலாம்.

மிச்சமிருக்கும் டைல்ஸ் பெட்டியைக் கான்ட்ராக்டர் லோரியில் ஏற்றும் முன் வாங்கி, ஸ்டோர் ரூமில் வையுங்கள். எந்தக் கடை, எந்த எண், எந்த மாதம் என்று பெட்டியின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதுங்கள்.